சும்மா கிடந்த வலது கை

போன வருஷம் மரக்காணத்து டீக்கடை ஒன்றில் என் வலது கையிலிருந்து கிளாஸ் நழுவி விழுந்தது. யாரும் இடிக்கவில்லை. நானும் தடுமாறவில்லை. கெட்டியாகப் பிடித்திருக்கிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டு நின்றேன். அந்தச் சேதி விரல்களுக்குப் போய்ச் சேரவில்லை. பாதி டீ கை மேலேயே வழிந்தது. அப்போதுதான் கொதித்து இறங்கிய டீ. சுடவில்லை. அதில்தான் எனக்குத் திக்கென்றது.

"கிளாஸு போனா போவுது அண்ணாத்த, இரு, வேற போடறேன்" என்றார் கடைக்காரர். என் மனைவி முந்தானையால் என் கையைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே கட்டைவிரலையும் அடுத்த இரண்டு விரல்களையும் ஒவ்வொன்றாகக் கிள்ளிப் பார்த்தாள். "தெரியுதா?" என்று கேட்டாள். தெரிகிறது என்றேன். நகம் பதிந்த தடத்தைக் கண்ணால் பார்த்துவிட்டுச் சொன்ன பதில் அது. அவளுக்கும் அது புரிந்துவிட்டது.

நாகப்பட்டினத்தில் அவளுடைய அக்கா இருக்கிறாள். அங்கே போகிற வழியில்தான் இது நடந்தது. ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் செங்கல்பட்டிலிருந்து பைக்கிலேயே கிளம்பி, மாமல்லபுரம் போய் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்து, உப்பளமும் சவுக்குத் தோப்பும் பார்த்துக்கொண்டே போய்ச் சேருவது கல்யாணம் ஆனதிலிருந்து எங்கள் வழக்கம். என் மனைவி நர்சரி பள்ளியில் டீச்சர். வருஷம் முழுக்கக் கத்திக் கத்திப் பேசுகிறவள், அந்த ஒரு நாள் என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து வாயே திறக்க மாட்டாள். "ஊரே பேசாம இருக்கிற மாரி கீது" என்பாள். இந்த ஒரு வாக்கியத்துக்காகவே நான் அவளை ராமேஸ்வரம் வரைக்கும் ஓட்டிக்கொண்டு போவேன்.

எனக்குப் பெரிய படிப்பு கிடையாது. ஜனங்கள் பேச்சுவாக்கில் விட்டுப் போவதைப் பொறுக்கிப் பத்திரப்படுத்திக்கொள்வதுதான் நான் படித்த படிப்பு. ஆகையால் கை விஷயமாக யார் யார் என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது.

செங்கல்பட்டு டாக்டர் என் மணிக்கட்டைத் தட்டிப் பார்த்தார், மடக்கிப் பிடிக்கச் சொன்னார், என்ன வேலை என்று விசாரித்தார். மறைமலைநகரில் வண்டி உதிரிபாகம் செய்கிற கம்பெனியில், காற்றழுத்தத்தில் ஓடும் 'கன்' என்கிற கருவியைப் பிடித்து நட்டு முடுக்குகிற வேலையை வெகுகாலம் பார்த்தவன் நான். இப்போது சரக்கைச் சரிபார்க்கிற பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். போகவர கம்பெனி பஸ். பைக் லீவு நாளுக்கு மட்டும்தான். டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உங்க கை மரத்துப் போகலை, கோவிச்சுக்கிட்டிருக்கு" என்றார். "நீங்க மணிக்கணக்கா முறுக்கிப் பிடிக்கிறத நிறுத்தினா சமாதானம் ஆயிடும். நிறுத்தலைன்னா ஆபரேஷன்தான் பேசணும்."

பைக் ஓட்டாதவர்களுக்கு இது சட்டென்று விளங்காது. பைக்கின் வேகம் வலது கைப்பிடியில் இருக்கிறது. முறுக்கினால் ஓடும், விட்டால் தணியும். நாகப்பட்டினம் வரை போகிற நேரமெல்லாம் அந்த மணிக்கட்டு ஒரே கோணத்தில் மடங்கி, முறுக்கியபடியே இருக்க வேண்டும். ஈரத் துணியைப் பிழிய ஆரம்பித்து, பாதியில் அப்படியே பொழுது சாயும்வரை நின்றால் எப்படி இருக்கும், அப்படி.

வீட்டில் பேச்சுவார்த்தை நடந்தது. பைக்கை விற்றுவிட்டு இனிமேல் பஸ்ஸில் போகலாம் என்றாள். நான் பஸ்ஸுக்கு விரோதியில்லை. ஆனால் பஸ்ஸில் அவள் பேசுவாள், பக்கத்து சீட்டும் பேசும், டிரைவர் பாட்டுப் போடுவார். அந்தப் பேசாத ஊர் எங்களுக்குக் கிடைக்காது. அதைச் சொல்லிப் பார்த்தேன். "எனக்கு மட்டும் வண்டிய விக்க ஆசையா?" என்றாள்.

அப்போதுதான் க்ரூஸ் கன்ட்ரோல் வைத்த பைக்குகளைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்தேன். வேண்டிய வேகத்துக்கு வந்ததும் ஒரு பட்டனை அழுத்தினால் போதும், வண்டி அதே வேகத்தைத் தானாகப் பிடித்துக்கொள்ளும்; கைப்பிடியை முறுக்க வேண்டாம். பிரேக்கைத் தொட்டால் பிடியை விட்டுவிடும். என் கைக்கென்றே யோசித்துச் செய்தது போலிருந்தது. பழைய வண்டியைக் கொடுத்துவிட்டு அப்படிப்பட்ட ஒன்றை வாங்கினோம். மனைவி ஒரு நிபந்தனை போட்டாள். அக்கா வீட்டுக்குக் கிளம்புமுன் பாண்டிச்சேரி வரை ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும். வழியில் அதே மரக்காணம் கடையில் நிறுத்தி, வலது கையில் டீ வாங்கிக் குடிக்க வேண்டும். கிளாஸ் நின்றால் பைக். விழுந்தால் பஸ், பைக்கையும் விற்றுவிட வேண்டும். நான் சம்மதித்தேன்.

கம்பெனியில் என்னோடு அசெம்ப்ளி லைனில் நின்ற சிநேகிதன் ஒருவன். என்னை மச்சான் என்பான், என் மனைவியைத் தங்கச்சி என்பான். அவனிடம் இந்தப் பட்டனைப் பற்றி விவரமாகச் சொன்னேன். பஸ் பைபாஸ் ஏறுகிறவரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ நீ சும்மா குந்திக்கினு வர்றதுக்கு ஒரு பட்டனு" என்றான். அன்றிலிருந்து கம்பெனி பஸ்ஸில் அதற்குச் 'சும்மா பட்டன்' என்றே பெயர் ஆகிவிட்டது. காலையில் பஸ் ஏறினால், இன்னா அண்ணாத்த, சும்மா பட்டன் எப்படி கீது என்று யாராவது கேட்காமல் விடமாட்டார்கள்.

கேட்கிறவர்களுக்கு என்ன பதில் சொல்வது? அது வேலை செய்யவில்லை.

வண்டி எடுத்த அன்றைக்கே ஷோரூமிலிருந்து நேராகத் திருக்கழுக்குன்றம் போய், மலையடிவாரக் கோயில் வாசலில் பூஜை போட்டோம். சந்தனம், குங்குமம், சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம். குருக்கள் ஹாண்டில்பாரில் கருப்புக் கயிறு ஒன்று கட்டிவிட்டு, அது தானாக அறுந்து விழும்வரை அவிழ்க்க வேண்டாம் என்றார். அதன் பிறகு ஒரு வாரம், சாயங்காலங்களில் தனியாக மாமல்லபுரம் சாலைக்குப் போய்ப் பழகிப் பார்த்தேன். ஆள் நடமாட்டம் குறைந்த இடமாகப் பார்த்து, வேகத்தை ஒரே அளவில் நிறுத்தி, பட்டனை அழுத்துவேன். மீட்டரில் சின்னதாக ஒரு விளக்கு எட்டிப் பார்க்கும், போய்விடும். வண்டி தணிந்துகொண்டே வரும். மறுபடி அழுத்துவேன். மறுபடி அதே கதை.

இதில் ஒரு சங்கடம். அந்தப் பட்டன் இருப்பது வலது கைப்பக்கம். அழுத்த வேண்டியது கட்டைவிரல். அதுதான் மரத்துப் போகிற விரல். நான் சரியாக அழுத்துகிறேனா இல்லையா என்று எனக்கே நிச்சயமில்லை. நகம் வெளுக்கிற அளவுக்கு அழுத்திப் பார்த்தேன். இடது கையைக் குறுக்கே கொண்டுவந்து அழுத்திப் பார்க்கலாம் என்று தோன்றியது. ஓடுகிற வண்டியில் அந்த வித்தை வேண்டாம் என்று விட்டேன். வண்டியில் கோளாறு என்றால் கொண்டுபோய்க் கொடுத்துச் சரிசெய்யலாம். கையில் கோளாறு என்றால்? ஒரு பட்டனை அழுத்தக்கூட ஆகாத கை என்று ஆகிவிட்டால், அதை யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பது? ஷோரூமுக்குப் போன் போடாமல் நாள் கடத்தியது இதனால்தான். வண்டி சரியாக இருக்கிறது என்று அவர்கள் சொல்லிவிட்டால் என்ன செய்வேன் என்று பயம்.

பள்ளி விடுமுறை விட்டாயிற்று. மனைவி பாண்டிச்சேரிக்கு நாள் குறித்துவிட்டாள். சிநேகிதனும் வருகிறேன் என்றான். சும்மா பட்டனைப் பார்க்காமல் தனக்குச் சோறு இறங்கவில்லையாம். பொழுது விடிந்ததும் கிளம்பினோம். அவன் தன் பழைய வண்டியில் பின்னால் வந்தான். திருக்கழுக்குன்றம் தாண்டி, மாமல்லபுரத்தில் கடற்கரைச் சாலையில் திரும்பினோம். அணுமின் நிலையத்துக்குப் போகிற பஸ்கள் முந்திக்கொண்டு போயின. புதுப்பட்டினம் நெரிசலைக் கடந்ததும் சாலை அகன்றது. பட்டனை அழுத்தினேன். விளக்கு எட்டிப் பார்த்தது, போய்விட்டது. முதுகுக்குப் பின்னால் இருக்கிறவளுக்குத் தெரியாதபடி மறுபடி மறுபடி அழுத்திக்கொண்டே போனேன். கட்டைவிரல் நுனியில் எறும்பு ஊர்வதுபோல ஆரம்பித்துவிட்டது. மரக்காணம் இன்னும் வெகுதூரம்.

வாயலூரில் பாலாற்றுப் பாலம் தாண்டியதும் ஹாரனை அடித்துக்கொண்டே சிநேகிதன் முன்னால் வந்து, ஓரம் கட்டச் சொல்லிக் கை காட்டினான். நிறுத்தினேன். ஹெல்மெட்டைக் கழற்றியவன் முகத்தில் சிரிப்பே இல்லை.

"இன்னா மச்சான் நீ, மாமல்லபுரத்துலேர்ந்து பிரேக்க புட்ச்சிக்கினே வர? எங்க நிப்பியோன்னு பயந்துக்கினே பின்னாடி வர்றேன் நானு."

நான் எங்கே பிரேக் பிடித்தேன் என்று கேட்டேன். பாலத்து மேல்கூடப் பிடிக்கவில்லை.

"புடிக்கலியா? அப்போ பின்னாடி செவப்பா எரிஞ்சிக்கினு வருதே, அது யாரு வூட்டு லைட்டு?"

மனைவி இறங்கிப் பின்னால் போய்ப் பார்த்தாள். சாவி இன்னும் ஆனில் இருந்தது. நான் இரண்டு கையையும் மடிமேல் வைத்திருந்தேன், கால் தரையில் இருந்தது. "ஏங்க, எரியுதுங்க" என்றாள். யாருமே தொடாத பிரேக்குக்கு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் கண் கயிற்றின்மேல் போனது. குருக்கள் கட்டிய கருப்புக் கயிற்றின் முனை, கோயிலிலிருந்து வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் காற்றில் பறந்து கையில் அடித்துக்கொண்டே வந்தது. பறந்து போய்விட்டால் அபசகுனம் ஆயிற்றே என்று, அன்று வீடு வந்ததுமே அதைப் பிரேக் லீவரோடு சேர்த்து ஹாண்டில்பாரில் நாலு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டவன் நான். முடிச்சு என்றால் கம்பெனிக்காரன் முடிச்சு. முடுக்கியே பழகிய கை. லீவர் ஒரு நூலளவு உள்ளே இழுபட்டு நின்றிருந்தது. சக்கரத்தைப் பிடிக்கிற அளவு இல்லை, ஆகவே ஓட்டும்போது தெரியவில்லை. ஆனால் பின்விளக்கை எரியவைக்க அது போதும். வண்டியைப் பொறுத்தவரை நான் எந்நேரமும் பிரேக்கில் கை வைத்திருக்கிறேன். பிரேக்கில் கை வைத்திருக்கிறவனுக்கு அது எப்படி வேகத்தைப் பிடித்துக்கொடுக்கும்? நான் கேட்கும்போதெல்லாம் கொடுக்க வந்து, கொடுக்க வந்து, பின்வாங்கியிருக்கிறது.

பட்டன் பழுதில்லை. என் விரலும் பழுதில்லை. ஒரு வாரமாக ஒழுங்காகத்தான் அழுத்தியிருக்கிறது. அந்தச் சாலையோரத்தில், பாலாற்று மணல் வெளுத்துக் கிடக்க, என் கட்டைவிரலைத் தூக்கிப் பார்த்துக்கொண்டு நின்றேன். பரீட்சையில் தோற்றுவிட்டான் என்று ஊரெல்லாம் சொன்ன பையன் பாஸாகி வந்து நிற்பதுபோல இருந்தது.

சிநேகிதன் பாக்கெட்டிலிருந்து சின்னக் கத்தியை எடுத்தான். "அண்ணே, கத்திய உள்ள வையி" என்றாள் மனைவி. சாமி கயிறை அறுக்கக் கூடாதாம். தாலிச் சங்கிலியில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றி, முடிச்சை நோண்ட உட்கார்ந்தாள். வெயில் ஏறிக்கொண்டே வந்தது. சிநேகிதன் பொறுமை இழந்து, சாமி ஒன்றும் நினைக்காது தங்கச்சி என்றான். அவள் தலை நிமிரவில்லை.

"கயிறு சாமியோடது. முடிச்சு இவரோடது. சாமி எங்கனா இவ்ளோ இறுக்கிக் கட்டுமா?"

இதையும் எடுத்துப் பத்திரப்படுத்திக்கொண்டேன். கடைசியில் முடிச்சு இளகியது. கயிற்றின் முனையை மட்டும் கண்ணாடிக் கம்பியில், அவள் கையாலேயே, தளர்வாகக் கட்டினாள். பின்னால் போய்ப் பார்த்த சிநேகிதன், "அவிஞ்சி போச்சு மச்சான், உன் தீவட்டி" என்றான்.

கூவத்தூர் தாண்டிச் சாலை நேராக நீண்ட இடத்தில் மறுபடி அழுத்தினேன். விளக்கு வந்தது. நின்றது. கைப்பிடியை மெல்ல விட்டேன், வண்டி தணியவில்லை. எஞ்சின் ஒரே சுருதியில் பாடிக்கொண்டு போனது. உண்மையைச் சொன்னால் அந்த முதல் நிமிஷம் சுகமாக இல்லை. நான் முறுக்காமலே ஓடுகிற வண்டி யாருடையதோ வண்டி போலிருந்தது. செருப்புக்குள் கால்விரல்கள் சுருண்டுகொண்டன. தோள் இரண்டும் காதுவரை ஏறிவிட்டன. முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்: "இன்னாங்க, பாறாங்கல்லு மாரி கீறீங்க. இதுதானா சும்மா?"

அவள் சொன்ன பிறகுதான் சும்மா இருக்கவும் பழக வேண்டும் என்று புரிந்தது. முதலில் தோளை இறக்கினேன். பிறகு முழங்கையை இளக்கினேன். கையைக் கைப்பிடியிலிருந்து எடுத்துவிடவில்லை; அதற்குத் துணிச்சலும் இல்லை, தேவையும் இல்லை. குழந்தையின் தலைமேல் வைப்பதுபோல வெறுமனே வைத்தேன். இரண்டு விரல்களைப் பிரேக் லீவரின் மேல் படாமல் நீட்டிக்கொண்டேன். மணிக்கட்டு நேராயிற்று. எத்தனையோ வருஷமாக மடங்கியே சவாரி செய்த மணிக்கட்டு. அந்த எறும்பு கொஞ்ச நேரம் ஊர்ந்தது, பிறகு எப்போது இறங்கிப் போனது என்று தெரியவில்லை. முதலியார்குப்பம் படகுத்துறைப் பக்கம் நீர் தெரிந்தபோது, அதைப் பார்த்துக்கொண்டு போகிற அளவுக்கு எனக்கு நிதானம் வந்திருந்தது.

எல்லா இடத்துக்கும் அது ஆகாது என்பதும் வழியிலேயே தெரிந்தது. கடப்பாக்கத்துக்கு முன்னால் ஒரு நாய் சாவகாசமாகச் சாலையைக் கடந்தது. விரல்கள் பிரேக்கைத் தொட்டன. வண்டி உடனே பிடியை விட்டு என் கைக்கு வந்துவிட்டது. பிடித்துக்கொள்வதைவிட அந்த விட்டுக்கொடுப்புதான் எனக்கு அதிக தைரியம் கொடுத்தது. அதன் பிறகு ஊர் வந்தால் நானே விட்டுவிடுவேன். பஸ் நிறுத்தம், மீன் கூடையோடு ஏறுகிற பெண்கள், சாலை வேலைக்காகத் திருப்பிவிட்ட மண்பாதை, கடல் பக்கமிருந்து வண்டியைத் தள்ளுகிற காற்று, இங்கெல்லாம் நான் ஓட்டினேன். வெறும் சாலையில் அது ஓட்டியது. வேலையைப் பங்கு போட்டுக்கொண்டோம். லைனில் பக்கத்தில் நிற்கிறவன், நீ தண்ணி குடிச்சிட்டு வா, நான் பாத்துக்கறேன் என்று கன்னை வாங்கிக்கொள்வானே, அந்த மாதிரி.

மனைவியின் பேச்சு எப்போதோ நின்றிருந்தது. கண்ணாடியில் பார்த்தேன். சவுக்குத் தோப்பு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். அந்த ஊர் மறுபடி வந்துவிட்டது என்று தோன்றியது. ஆனால் கிளாஸ் பாக்கி இருந்தது.

மரக்காணத்தில் உப்பளங்கள் கண்ணைக் கூசவைத்தன. கடை அதே இடத்தில் இருந்தது, கடைக்காரரும் அவரேதான். ஹெல்மெட்டைக் கழற்றியதும் அடையாளம் கண்டுகொண்டார். "கிளாஸு ஒடைக்கிற அண்ணாத்த" என்று சிரித்துவிட்டு, வேண்டுமானால் பேப்பர் கப்பில் தருகிறேன் என்றார். கிளாஸிலேயே கொடுங்கள், நல்ல சூடாகக் கொடுங்கள் என்றாள் என் மனைவி. சிநேகிதன் இரண்டடி தள்ளிப் போய் நின்றான். காலில் ஊற்றிக்கொள்வேன் என்று பயமாம்.

விளிம்புவரை இருந்த டீயை வலது கையால் வாங்கினேன். மூவரும் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும்தான். கட்டைவிரல் ஒருபக்கம், மற்ற இரண்டு விரல் மறுபக்கம். கண்ணாடியின் வழவழப்பு தெரிந்தது. விளிம்புக்குக் கீழே ஓடுகிற வரி தெரிந்தது. பிறகு சூடு, மெதுவாக, முதலில் கட்டைவிரலில், அப்புறம் மற்ற இரண்டிலும் ஏறியது.

"சுடுது" என்றேன்.

மனைவி என் முகத்தைப் பார்த்தாள். சும்மா சொல்கிறேனா என்று பார்த்தாள். போன தடவை பொய் சொன்னவன் ஆயிற்றே. சூடு தாங்காமல் நான் கிளாஸை இடது கைக்கு மாற்றப் போனேன். என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள்.

"இருங்க. இன்னும் கொஞ்சம் சுடட்டும்."

சுட்டது. விரல் நுனியெல்லாம் சிவக்கச் சிவக்கச் சுட்டது. நான் சிரித்துக்கொண்டே பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் கையை எடுத்துவிட்டு, கைப்பையிலிருந்து போனை எடுத்து அக்காவைக் கூப்பிட்டாள். வெள்ளிக்கிழமை வருகிறோம் என்றாள். எதில் வருகிறீர்கள் என்று அந்தப் பக்கம் கேட்டிருக்க வேண்டும். "எதுல வருவோம்? வழக்கமா வர்றதுலதான்" என்றாள்.